போக்கிமானை இடைக்கால ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனால்? பந்தும் இல்லை, பெட்டியும் இல்லை

கரிக்கோடு:

போக்கிமானை, அதாவது விநோத உயிர்களைப் பந்தெறிந்து பிடித்துச் சண்டைக்கு விடும் அந்த வீடியோ கேமை, டார்க் ஆக்குகிறேன் என்று யாராவது கிளம்பினால் பெரும்பாலும் என்ன நடக்கிறது? பிக்காச்சுவுக்குக் கோரைப்பல், வாயோரம் ரத்தம், பின்னால் சிவப்பு நிலா. பார்த்ததும் ஒரு லைக் போடுவோம், அடுத்த நிமிடம் மறந்துவிடுவோம்.

1996இல் கேம் பாயில் வந்த முதல் ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் பூச்சி பிடித்துத் திரிந்த சடோஷி தஜிரி, அந்தச் சந்தோஷத்தை ஆட்டமாக்கினார். 151 உயிர்கள். ஆனால் அந்த உலகத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் எல்லாமே சலுகை. பள்ளிக்கூட வயசுப் பிள்ளை தனியாகக் கிளம்புகிறது, அம்மா சிரித்துக்கொண்டே வழியனுப்புகிறாள். புல்லில் திரிவதை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். அடிபட்டால் இலவச வைத்தியம். வேண்டாததைக் கணினிப் பெட்டியில் போட்டுவிட்டால் அது தீனி கேட்காது. இந்தச் சலுகைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் என்ன மிஞ்சும் என்பதுதான் என் கேள்வி.

காலம் 1350 வாக்கு, இடம் மேற்கு ஐரோப்பா. 1347இல் கப்பலேறி வந்த கொள்ளைநோய் பல ஊர்களைக் காலி செய்துவிட்டது. அறுக்க ஆளில்லாத வயல், உரிமை கோர ஆளில்லாத மாடு. விநோத உயிர்கள் ஊருக்குள் வரக் காரணம் தேடவே வேண்டாம்.

உயிர்களின் விவரம் சொல்லும் போக்கிடெக்ஸுக்குப் பதில் ஒரு விலங்கேடு. அந்தக் காலத்தில் நிஜமாகவே இப்படிப்பட்ட ஏடுகள் இருந்தன. தங்கம் பூசிய படங்களோடு, பெலிகன் தன் மார்பைக் கிழித்துக் குஞ்சுகளுக்கு ரத்தம் கொடுக்கும், பொன்னகான் என்ற எருது துரத்துகிறவர்கள் மேல் எரியும் சாணத்தைப் பீய்ச்சும் என்றெல்லாம் எழுதியிருக்கும். எழுதிய துறவி இவற்றில் பலவற்றைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆக உங்கள் கையிலிருக்கும் ஏட்டில் பாதி பொய். எந்தப் பாதி என்று ஆட்டம் சொல்லாது.

இதுவரைதான் யோசித்திருக்கிறேன். பிடிப்பது எப்படி என்பதில் மாட்டிக்கொண்டேன்.

பிக்சல்பித்தன்:

செம. ஆர்ட் ஸ்டைலை நான் இப்போதே முடிவு செய்துவிட்டேன்: அந்தக் காலக் கையெழுத்துப் பிரதிகளின் ஓரங்களில் வரைந்திருப்பார்களே, கவசம் போட்ட வீரன் நத்தையோடு சண்டை போடுவது, முயல் மனிதனை வேட்டையாடுவது, அதே கோடு, அதே வண்ணம். சண்டை நடப்பதே ஏட்டின் ஓரத்தில்தான். அடி விழுந்தால் மை சிந்தும். ரத்தம் வரையவே வேண்டாம்.

ஸ்டார்ட்டர், அதாவது ஆட்டத் தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கும் முதல் உயிர், மூன்று: ஓநாய்க்குட்டி, காக்கை, ஒரு குட்டி டிராகன். பிடிப்பதற்கு இரும்புக் கூண்டு?

ஓலைக்கட்டு:

கூண்டு வேண்டாம். பிடிப்பதற்கு வழியைப் புனிதர் கதைகளிலேயே வைத்திருக்கிறார்கள்.

தெற்கு பிரான்சில் தராஸ்கோன் ஊரை ஆட்டிப்படைத்த தராஸ்க் என்ற மிருகத்தின் கதை ஒன்று. புனித மார்த்தா தீர்த்தம் தெளித்து, சிலுவையைக் காட்டி அதை அடக்குகிறாள். அப்புறம் தன் இடைக்கச்சையை அவிழ்த்து அதன் கழுத்தில் கட்டி ஊருக்குள் நடத்திக்கொண்டு வருகிறாள். அது ஆட்டுக்குட்டி மாதிரி வருகிறது. வந்ததும் ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? ஈட்டியாலும் கல்லாலும் அடித்தே கொன்றார்கள். புனித ஜார்ஜ் கதையிலும் இதேதான். இளவரசியின் கச்சையைக் கட்டி டிராகனை ஊருக்குள் அழைத்து வருகிறார்கள், ஊரே ஞானஸ்நானம் வாங்கச் சம்மதித்த பிறகு அதை வெட்டுகிறார்கள்.

கவனித்தீர்களா? மிருகத்தை அடக்குவது இரண்டு கதையிலும் சுலபமாக முடிந்துவிடுகிறது. அடக்கிய மிருகத்தை ஊருக்குள் கொண்டுபோவதுதான் ஆபத்து. போக்கிமானில் பந்து மூடி ஒரு 'க்ளிக்' வந்ததும் கதை முடிந்தது. இங்கே கச்சையைக் கட்டிய நொடியில்தான் ஆரம்பம். ஒவ்வொரு ஊர் வாசலிலும் அதை வெளியே கட்டிவிட்டுப் போவதா, உள்ளே கூட்டிப்போவதா என்று முடிவெடுக்க வேண்டும். வெளியே விட்டால் யாராவது அவிழ்த்துக்கொண்டு போகலாம். உள்ளே போனால் கல்லடி.

இன்னொரு வழி ஒப்பந்தம். இத்தாலியில் குப்பியோ ஊர் ஓநாயோடு புனித பிரான்சிஸ் பேசுகிறார்: நீ யாரையும் கடிக்காதே, ஊர் உனக்குச் சோறு போடும். ஓநாய் முன்னங்காலை அவர் கையில் வைத்து வாக்குக் கொடுக்கிறது. இரண்டு வருஷம் வீடு வீடாகச் சாப்பிட்டுவிட்டுக் கிழடாகிச் செத்தது, ஊரே அழுதது என்று முடியும். ஆக பிடிக்க இரண்டு வகை: கட்டு, வாக்கு. கட்டியது எப்போது வேண்டுமானாலும் அறுத்துக்கொண்டு ஓடலாம். வாக்குக் கொடுத்தது ஓடாது, ஆனால் நீங்கள் ஒரு வேளை சோறு தவறினால் அன்றோடு வாக்கு போச்சு.

இரும்புக்கதவு:

நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன், கோபப்படாதீர்கள். டார்க் போக்கிமான் ஏற்கெனவே வந்தாயிற்று. 2024 ஜனவரியில் பால்வேர்ல்ட் என்ற கேம். பிடித்த உயிரிடம் துப்பாக்கி கொடுக்கலாம், பட்டறையில் மாடு மாதிரி வேலை வாங்கலாம், வெட்டிக் கறியாக்கலாம். ஆடியவர்கள் அதிர்ந்தார்களா? விழுந்து விழுந்து சிரித்தார்கள். கொடுமையை ஒரு பட்டனில் வைத்துவிட்டால் அது ஜோக் ஆகிவிடும்.

பேச்சுவார்த்தை நடத்திச் சேர்ப்பதும் புதிதில்லை. 1987இலேயே மெகாமி டென்செய் என்ற கேம் வந்துவிட்டது. அதில் பேயோடு பேரம் பேச வேண்டும். காசை வாங்கிக்கொண்டு கம்பி நீட்டுகிற பேயும் உண்டு.

இதில் இல்லாத எதை நீங்கள் தரப்போகிறீர்கள்?

கரிக்கோடு:

செலவுக் கணக்கை.

சிரிக்காதீர்கள். 1252இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றிக்கு நார்வேயிலிருந்து ஒரு வெள்ளைக் கரடி பரிசாக வந்தது. லண்டன் கோட்டையில் கட்டிவைத்தார்கள். அதற்குத் தினம் நாலு பென்னி சாப்பாட்டுச் செலவு, அதை லண்டன் நகரத்து ஷெரிஃப்கள் தலையில் கட்டினார் மன்னர். அப்புறம் வாய்ப்பூட்டு, சங்கிலி, நீளமான கயிறு எல்லாம் வாங்கச் சொன்னார், கரடி தேம்ஸ் ஆற்றில் இறங்கி மீன் பிடித்துத் தின்பதற்கு. மூன்று வருஷம் கழித்துப் பிரெஞ்சு மன்னர் ஒரு யானையை அனுப்பினார். நாற்பது அடி நீளத்துக்குக் கொட்டகை கட்டினார்கள். 1257இல் யானை செத்துப்போயிற்று.

அரசனாலேயே தாங்க முடியாமல் ஊர்க்காரன் தலையில் தள்ளிய செலவு இது. நம் ஆட்டக்காரன் கையில் ஆறு மிருகம், வீடில்லை, பஞ்ச காலம். ஏழாவதைப் பார்க்கும்போது 'பிடிக்கலாமா' என்ற ஆசையோடு 'எதை விடுவது' என்ற பயமும் வர வேண்டும். மலையோர மடம் ஒன்றில் ஒப்படைக்கலாம், அதுதான் பெட்டி. ஆனால் குளிர்காலம் முடிந்து திரும்பிப் போனால் அங்கே எது உயிரோடு இருக்கும் என்பது நீங்கள் கொடுத்த தானியத்தைப் பொறுத்தது. பால்வேர்ல்டில் கொடுமை நீங்கள் விரும்பி அழுத்தும் பட்டன். இங்கே நீங்கள் கணக்குப் போடாமல் விட்டதால் நடப்பது.

ராஜாளி:

வேட்டைப் பறவை வளர்ப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே, அதனால் நுழைகிறேன். காட்டு உயிரைப் பிடித்து, பழக்கி, சண்டைக்கு ஏவுவது என்பதற்கு இடைக்காலத்தில் முழுக் கலையே இருந்தது. பேரரசர் இரண்டாம் ஃபிரடெரிக் 13ஆம் நூற்றாண்டில் அதற்கென்றே பெரிய நூல் எழுதினார். அதைப் பார்த்தால் நாம் எதையும் இருட்டாக்க வேண்டியதே இல்லை என்று புரியும்.

புதிதாகப் பிடித்த பறவையின் கீழ் இமையில் ஊசி நூல் கோத்து, தலைக்கு மேல் இழுத்துக் கட்டிவிடுவார்கள். கண் தெரியாது, அதனால் மிரளாது. கையில் உட்காரவைத்து இரவு பகலாகத் தூங்கவிடாமல் வைத்திருப்பார்கள். அது தூங்கக்கூடாதென்றால் ஆளும் தூங்கக்கூடாது. அரண்டு அரண்டு, கடைசியில் அலுத்து, அந்தக் கையிலிருந்தே கறியைக் கொத்தும். அதற்கப்புறம்தான் நூலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவார்கள்.

இதில் 'நட்பு மீட்டர்' என்று ஒன்றை எங்கே வைப்பீர்கள்? பழக்கிய பறவை உங்களை நேசிப்பதால் திரும்பி வருவதில்லை, பசியால் வருகிறது. ரொம்பத் தின்னக் கொடுத்தால் பறந்து போய்விடும், ரொம்பக் குறைத்தால் பலமில்லாமல் இரையிடம் தோற்கும். பறவை வளர்ப்பவனின் முழுத் திறமையும் அந்த எடையில் இருக்கிறது. லெவல் அப் வேண்டாம். எடையை மட்டும் காட்டுங்கள்.

இன்னொன்று, யாருக்கு எது என்ற அந்தஸ்து. 1486இல் இங்கிலாந்தில் அச்சான ஒரு நூல் பட்டியலே போடுகிறது: சக்கரவர்த்திக்குக் கழுகு, அரசனுக்கு கிர்ஃபால்கன் என்ற பெரிய வல்லூறு, பிரபுவுக்கு பைரி, பாதிரிக்குச் சிட்டுப்பருந்து. இது சட்டமாக நடந்தது என்பதைவிட மேட்டுக்குடிக் கற்பனை என்றே நினைக்கிறேன், ஆனால் ஆட்டத்துக்கு லட்டு மாதிரி. அனாதைப் பிள்ளை ஒரு கிர்ஃபால்கனோடு சந்தைக்குள் நுழைந்தால் எல்லோரும் திரும்பிப் பார்க்க வேண்டாமா? 'எங்கே திருடினாய்' என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

புல்லும் உங்களுடையதில்லை. இங்கிலாந்தில் அரசனின் காடு என்று அறிவித்துவிட்டால் அங்கே மான் தொட்டவனுக்கு உயிரோ உறுப்போ போகும் நிலைமை இருந்தது. 1217இல் வந்த காட்டுச் சாசனம்தான் அந்தத் தண்டனையை நீக்கி, அபராதம், கட்ட முடியாவிட்டால் ஒரு வருஷமும் ஒரு நாளும் சிறை என்று ஆக்கியது. 'உயரப் புல்லுக்குள் போகாதே' என்று முதல் ஆட்டத்தில் பேராசிரியர் வந்து தடுப்பாரே, இங்கே அந்த இடத்தில் வனக்காவலன் நிற்பான்.

பிக்சல்பித்தன்:

ராஜாளி அண்ணே, எல்லாம் சரி. ஆனால் ஒன்று கேட்கிறேன்: இதை யார் ஆடுவார்கள்? தீனிக் கணக்கு, எடைக் கணக்கு, வனக்காவலனுக்கு அபராதம். ஆபீஸ் முடித்து வந்து இன்னொரு ஆபீஸா? போக்கிமானின் ஜீவன் அந்தச் சின்னச் சந்தோஷத்தில் இருக்கிறது. புல்லுக்குள் ஏதோ அசைகிறது, என்னவென்று தெரியவில்லை, நெஞ்சு படபடக்கிறது. அதைக் கொன்றுவிட்டு மேலே எவ்வளவு இருட்டைப் பூசினாலும் கேம் செத்துத்தான் கிடக்கும்.

ஓலைக்கட்டு:

படபடப்பு எதனால் வருகிறது? இழப்பதற்கு ஏதாவது இருந்தால்தானே. நஸ்லாக் என்ற கடும் விதிகளோடு போக்கிமான் ஆடுகிறவர்களைப் பாருங்கள். 2010இல் ஒரு ரசிகர் வரைந்த காமிக்ஸிலிருந்து பரவிய விதிகள். மயங்கி விழுந்தது செத்ததற்குச் சமம், ஒவ்வொரு பகுதியிலும் முதலில் எதிர்ப்பட்டதை மட்டும் பிடிக்கலாம். பலர் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தே ஆக வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆட்டம் கேட்காத கஷ்டத்தைத் தாங்களே தலையில் ஏற்றிக்கொண்டு, பதினைந்தாவது லெவல் எலிக்கு ஒப்பாரி வைக்கிறார்கள். கணக்கு அலுப்பாக இருப்பது அதில் பெயர் இல்லாதபோதுதான். 'தானியம் 4 மூட்டை' என்பது ஆபீஸ். 'கறுப்பிக்கு இன்னும் மூன்று நாள் சோறு' என்பது வேறு.

உங்கள் கவலையில் ஒரு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. கணக்கைத் திரையில் எண்ணாகக் காட்டக்கூடாது. விலா எலும்பு தெரிவதை வரைந்து காட்டுங்கள். அது உங்கள் வேலை.

நள்ளிரவுமணி:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், கை அரிக்கிறது. உங்கள் மிருகம் ஒரு ஆளைக் கொன்றுவிட்டால் என்ன ஆகும்?

வழக்கு நடக்கும். நிஜமாக. 1386இல் நார்மண்டியின் ஃபலேஸ் ஊரில் குழந்தையைக் கொன்ற பெண்பன்றியை விசாரித்துத் தூக்கில் போட்டார்கள். 1457இல் சவின்யி என்ற ஊரில் இன்னொரு பன்றி. அதன் ஆறு குட்டிகள் உடம்பிலும் ரத்தக் கறை இருந்தது. தாய்க்கு மரண தண்டனை, குட்டிகள் குற்றத்தில் பங்கெடுத்ததற்குச் சாட்சி இல்லை என்று விட்டுவிட்டார்கள். 1474இல் இன்றைய சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் முட்டையிட்ட குற்றத்துக்காக ஒரு சேவலைக் கொளுத்தினார்கள். சேவல் முட்டையிலிருந்துதான் பார்வையாலேயே கொல்லும் பசிலிஸ்க் என்ற பாம்பு பிறக்கும் என்பது நம்பிக்கை.

ஆக ஆட்டத்தின் பெரிய மோதல்களில் பாதி நீதிமன்றத்தில் நடக்கட்டும். உங்கள் ஓநாய்க்கு வக்கீல் பிடியுங்கள். பிடிக்கும்போது கட்டா, வாக்கா என்பது இங்கே வந்து நிற்கும். கட்டி வைத்த மிருகம் கடித்தால் பொறுப்பு கட்டியவன் மேல். வாக்குக் கொடுத்த மிருகம் கடித்தால் குற்றவாளிக் கூண்டில் அதுவே நிற்கும்.

இன்னும் இருக்கிறது. எவல்யூஷன்! ஒரு உயிர் இன்னொரு உயிராக மாறுவது. 10ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ரெஜினோ என்ற மடத்தலைவர் தொகுத்த திருச்சபை விதிகளில் ஒரு பகுதி வருகிறது. படைத்தவனைத் தவிர வேறு எவராலும் ஒரு உயிரை வேறு இனமாக மாற்ற முடியும் என்று நம்புகிறவன் அவிசுவாசி என்று சொல்கிறது அது. நூற்றாண்டுக் கணக்காகச் சட்ட நூல்களில் திரும்பத் திரும்ப வந்த பகுதி. யோசியுங்கள்: உங்கள் குட்டி டிராகன் ஊர் நடுவில் ஒளிவிட்டு உருமாறுகிறது. பாதிரி பார்க்கிறார். தான் பார்த்ததை நம்பினால் அவரே அவிசுவாசி. பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போவாரா, உங்களை மாட்டிவிடுவாரா?

இரும்புக்கதவு:

இது. இதுதான் நான் கேட்டது. கத்தியைவிட அந்தப் பாதிரிதான் பயமாக இருக்கிறார்.

'உடனே சூனியக்காரி என்று கொளுத்திவிடுவார்கள்' என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள். பெரிய சூனிய வேட்டைகள் 15ஆம் நூற்றாண்டில் தொடங்கி 16, 17இல்தான் உச்சத்துக்குப் போயின. 1350இல் அதை வைத்தால் சினிமா செட் ஆகிவிடும்.

ஊர் ஊராகச் சண்டையில் ஜெயித்து வாங்கும் ஜிம் பேட்ஜுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? எட்டுக் கோட்டை, எட்டு வீரர்கள் என்றால் நான் தூங்கப் போகிறேன்.

ஓலைக்கட்டு:

பேட்ஜ் அந்தக் காலத்திலேயே இருந்ததே! யாத்திரை போனவர்கள் ஒவ்வொரு புனிதத் தலத்திலும் ஈயமும் தகரமும் கலந்து வார்த்த சின்னம் வாங்கித் தொப்பியில் குத்திக்கொண்டார்கள். ஸ்பெயினின் காம்போஸ்டெலா என்றால் சிப்பி, இங்கிலாந்தின் கான்டர்பரி என்றால் புனித பெக்கெட்டின் உருவம். ஆற்றுச் சேற்றிலிருந்து இன்றும் தோண்டி எடுக்கிறார்கள். தொப்பியைப் பார்த்தாலே ஆள் எங்கெல்லாம் போய்வந்தவன் என்று தெரிந்துவிடும்.

இன்னும் பொருத்தமானது ஒன்று: யாத்திரையைத் தண்டனையாகவும் விதித்தார்கள். இன்றைய பெல்ஜியம் பக்கத்து ஃபிளாண்டர்ஸ் நகர நீதிமன்றங்கள் குற்றவாளியைப் பார்த்து 'இன்ன தலத்துக்குப் போய் வா' என்று தீர்ப்பு எழுதின, போய்வந்ததற்கு அத்தாட்சியும் கேட்டன. சின்னப் பிள்ளை ஏன் தனியாக ஊரை விட்டுக் கிளம்புகிறது என்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. அதன் மிருகம் யாரையோ கொன்றது. மிருகத்துக்குத் தூக்கு, அல்லது பிள்ளைக்கு யாத்திரை. பிள்ளை யாத்திரையைத் தேர்ந்தெடுத்தது. அதுதான் ஸ்டார்ட்டர்.

கரிக்கோடு:

எழுந்து நின்று கைதட்டுகிறேன். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் காட்சி இனி வேண்டாம். ஆட்டம் தீர்ப்பில் தொடங்குகிறது, அந்தக் கொலை நிஜமாகவே அது செய்ததா என்பது கடைசி வரை தெரிய வேண்டியதில்லை.

ராஜாளி:

செத்த மிருகங்களுக்கும் ஒரு இடம் வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் லியோன் பக்கத்துக் கிராமங்களில் கின்ஃபோர் என்ற வேட்டைநாயைப் புனிதராகக் கும்பிட்டார்கள். கதை நமக்குத் தெரிந்ததுதான், பஞ்சதந்திரத்துக் கீரிப்பிள்ளை. தொட்டில் பக்கத்தில் ரத்த வாயோடு நின்ற நாயை எஜமானன் வெட்டிவிட்டான், அப்புறம்தான் செத்த பாம்பைப் பார்த்தான். அதன் புதைகுழிக்கு நோயாளிக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எத்தியேன் த பூர்போன் என்ற விசாரணையதிகாரி கேள்விப்பட்டு, நாயின் எலும்பைத் தோண்டி எடுத்துக் கொளுத்தச் சொன்னார். அதற்குப் பிறகும் ஜனங்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

மருத்துவ நிலையத்துக்குப் பதில் இதை வையுங்கள். நீங்கள் இழந்த மிருகத்தைப் புதைத்த இடம் பின்னால் வருகிற மிருகங்களுக்குக் குணமளிக்கும். ஆனால் கூட்டம் கூடக் கூட விசாரணையதிகாரியின் காதுக்குச் செய்தி போகும்.

பிக்சல்பித்தன்:

சரி, நான் கட்சி மாறுகிறேன் என்று நினைக்க வேண்டாம், இன்னும் சந்தோஷம் போதாது என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தப் புதைகுழியை வரையாமல் எனக்குத் தூக்கம் வராது.

பந்தை எடுத்துவிட்டதில் இன்னொரு லாபம். 2024 செப்டம்பரில் பால்வேர்ல்ட் மேல் நின்டெண்டோவும் போக்கிமான் கம்பெனியும் போட்ட காப்புரிமை வழக்கில் எறிந்து பிடிப்பதும் அடக்கம். கச்சை கட்டுவதற்கு யாரும் நோட்டீஸ் அனுப்ப மாட்டார்கள்.

எந்த வகை எந்த வகையை வெல்லும் என்கிற டைப் சார்ட்டை யாராவது யோசித்தீர்களா? நெருப்பு, நீர், புல் எல்லாம் இந்த உலகத்துக்கு ஒட்டாது.

நள்ளிரவுமணி:

விலங்கேட்டிலேயே இருக்கிறது. பசிலிஸ்கை மரநாய் கொல்லும். சிறுத்தையின் மூச்சு நறுமணம் எல்லா உயிரையும் இழுக்கும், டிராகன் மட்டும் பயந்து ஓடும். யானைக்கும் டிராகனுக்கும் தீராப்பகை. மானுக்கும் பாம்புக்கும் அப்படியே. எது எதை வெல்லும் என்பதை அந்தத் துறவிகளே எழுதிவைத்துவிட்டார்கள், நாம் அட்டவணை போட்டால் போதும்.

இரும்புக்கதவு:

ஆனால் கரிக்கோடு முதல் பதிவில் 'பாதி பொய்' என்றாரே. அட்டவணையை நம்பி மரநாயை அனுப்பினால் அது கல்லாகிச் சாகலாம் என்றால், ஆடுகிறவன் மவுஸைத் தூக்கி அடிப்பான்.

கரிக்கோடு:

அடிக்கட்டும். ஆனால் சோதித்துப் பார்க்க வழி கொடுக்க வேண்டும். ராஜாளி சொன்ன அதே ஃபிரடெரிக், பார்னக்கிள் வாத்து மரக்கட்டையில் காய்க்கிறது என்ற கதையை நம்பவில்லை. வடக்கே ஆள் அனுப்பி அந்தக் கட்டையைக் கொண்டுவரச் செய்து பார்த்தார். அதில் பறவை மாதிரி எதுவும் இல்லை, எங்கோ எட்டாத தூரத்தில் முட்டையிடுகிறது போல என்று எழுதிவைத்தார். நம் பிள்ளையும் அதைச் செய்யலாம். ஏட்டில் உள்ளதைச் சோதித்து, பொய் என்றால் ஏட்டின் தோல்தாளைச் சுரண்டி எழுத்தை அழித்து, சரியானதை எழுதலாம். நூற்றைம்பது உயிர் வேண்டாம், முப்பது போதும். ஒவ்வொன்றுக்கும் அழிக்க ஒரு வரியாவது இருக்கட்டும்.

ஓலைக்கட்டு:

அழிப்பதற்கு விலை உண்டா?

அந்த வாத்தையே எடுங்கள். 12ஆம் நூற்றாண்டில் அயர்லாந்து போய்வந்த வேல்ஸ் நாட்டு ஜெரால்டு எழுதியிருக்கிறார்: அங்கே பிஷப்புகளும் துறவிகளும் நோன்பு நாளில் இதைத் தயங்காமல் தின்கிறார்கள், சதையிலிருந்து பிறக்காததால் இது கறி இல்லையாம். நீங்கள் முட்டையைக் கண்டுபிடித்து ஏட்டைத் திருத்திவிட்டால் மடத்தின் நோன்புக் கறி போச்சு.

பிக்சல்பித்தன்:

அப்போ மடத்துச் சமையல்காரன்தான் பாஸ் ஃபைட்டா?

ஓலைக்கட்டு:

சண்டையெல்லாம் போட மாட்டான். திருத்திய ஏட்டை மரியாதையாக வாங்கிப் பார்த்துவிட்டு, 'இந்தக் குளிர்காலம் உங்கள் மிருகங்களுக்கு இங்கே இடமில்லை' என்பான், அவ்வளவுதான். தானியக் கணக்கு நினைவிருக்கிறதல்லவா, கரிக்கோடு?

கரிக்கோடு:

இருக்கிறது. வாத்து வரியை அழிப்பது கட்டாயமில்லை என்று வைக்கிறேன். யார் யார் அழிக்காமல் விடுகிறார்கள் என்று பார்ப்போம்.